ஆட்டாத கோப்பை

பாலத்தின் நடுவில் தௌஃபீக் என்னை நிறுத்தினான். பதினோர் ஆண்டுகளாக எங்கள் இரு கரைகளுக்கும் கடிதம் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். அன்று அஞ்சல் பை தொங்கவேண்டிய தோளில் துப்பாக்கி தொங்கியது.

"கூடையில என்ன வாத்தியாரே?"

"ரொட்டி."

"ரொட்டிக்குள்ள பீரங்கி ஏதும் சுத்தி வச்சிருக்கீங்களா?"

"பிரிச்சுப் பாரு. ஊர்க் கடிதத்தையெல்லாம் பிரிச்சுப் படிக்கிறவன்தானே நீ. ரொட்டிக்கு மட்டும் என்ன கூச்சம்?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஸாத்தர் என்னும் மூலிகைத் தூளும் எள்ளும் தடவிச் சுட்ட ரொட்டிகளுள் ஒன்றை உருவி, நின்றபடியே கடித்தான். மீசையில் எள் ஒட்டிக்கொண்டது.

"இது சுங்கம்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு மணிக்குள்ள திரும்பிடுங்க. அதுக்கப்புறம் நான் தபால்காரன் இல்லை."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டு, அக்டோபர். லெபனான் மலையில் கஃபர் ஸுமாக் என்னும் எங்கள் ஊரையும் அக்கரையையும் பிரிக்கும் ஓடையின்மேல் அந்தப் பாலம் இருந்தது. போர் தொடங்கி ஆறு மாதங்கள் ஆகியும் நாங்கள் அதனைப் போர் என்று அழைக்கவில்லை. 'நிகழ்வுகள்' என்றே அழைத்தோம். பெயரிட அஞ்சிய கோழைத்தனத்துக்கு நாகரிகம் என்று பெயர் சூட்டிக்கொண்டோம். எங்கள் பாலத்தருகே மூன்று நாள்கள் நடந்ததைப் பெய்ரூட்டுச் செய்தித்தாள் ஒன்று 'சிறு மோதல்' என்று நான்கு வரிகளில் முடித்துக்கொண்டது. சிறு என்னும் அடைமொழியை அங்கே இட்டவன் எவனாயினும், அவன் அந்தப் பட்டுநூல் ஆலைக்குள் கால்வைத்தவன் அல்லன். நான் வைத்தவன்.

பாலத்துக்கு அப்பால், அக்கரைப் பாதையின் வளைவில், பிரெஞ்சுக்காரர்கள் கட்டிவிட்டுப்போன பட்டுநூல் ஆலை நாற்பது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. எங்கள் ஊர் ஆடவர் பதினொருவர் அதன் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து, பாதையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு மூன்று நாள்களாக அங்கிருந்தனர். அவர்களுள் ஒருவன் என் தம்பி ஹலீம். இருபத்திரண்டு வயது, மருந்தியல் மாணவன், துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே அறியாதவன்.

அன்று நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணிவரை சுடுவதில்லை என்று இரு கரையாரும் ஒப்புக்கொண்டிருந்தனர். ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் தம்பியை அழைத்து வருவதே என் வேலை. புறப்படும்போது அம்மா வாயிற்படியின் குறுக்கே நின்றாள்.

"அவன் இல்லாம இந்தப் படியை மிதிக்காதே வதீஹ். மிதிச்சே, எனக்கு ரெண்டு பிள்ளையும் இல்லைன்னு வச்சுக்குவேன்."

பாலத்தைத் தாண்டியதும் மூடுபனி ஏறத் தொடங்கியது. எங்கள் மலையில் அது வியப்பன்று. பள்ளத்தாக்கிலிருந்து பிற்பகலில் பால் பொங்குவதுபோல் ஏறிவரும். ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். ஆனால் அன்று அது நண்பகலிலேயே ஏறியது. முதலில் ஓடையின் ஓசை மங்கியது. பிறகு பாதையோரத்து ஓக் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. ஆலையின் இரும்புக் கதவைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபது.

மூன்று முறை தட்டினேன்.

கதவு உடனே திறந்தது. கதவுக்குப் பின்னால் யாரோ கையை வைத்துக்கொண்டே காத்திருந்ததுபோல.

உள்ளே நீண்ட கூடம். சன்னல்களை மண்மூட்டைகளால் அடைத்திருந்ததால் பகலிலும் விளக்கெரிந்தது. பட்டுக்கூடுகளை அவிக்கும் செப்புத் தொட்டிகள் நடுவில் வரிசையாகக் கிடந்தன. அந்தக் கூடுகளின் வாடை நாற்பது ஆண்டுகளாகியும் போகவில்லை. வெந்த புழுவின் இனிப்பு கலந்த நாற்றம் நாக்கின் அடியில் வந்து ஒட்டியது. சுவரோரமாகப் பலகைகளை வரிசையாகப் போட்டு ஆடவர் அமர்ந்திருந்தனர். என்னைக் கண்டதும் அனைவரும் எழுந்தனர். ஒருவர்பின் ஒருவராக என் கையைப் பற்றிக் குலுக்கினர். யாரும் சிரிக்கவில்லை.

வாத்தியாருக்குக் காட்டும் மரியாதை என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கர்வத்தை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

வரிசையின் கோடியில் ஹலீம் நின்றான். தாடி முளைத்திருந்தது. கை சில்லென்றிருந்தது.

"ஏன் வந்தே அண்ணா?"

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான். கிளம்பு."

"உக்காரு முதல்ல" என்றான். குரலில் ஏதோ கெஞ்சல்.

அமர்ந்தேன். வாடகை வண்டி ஓட்டும் அபூ ஷகீப், அலகு நீண்ட பித்தளைக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாயாடி மனிதர், அன்று அவர் வாய் திறக்கவில்லை. பிடியில்லாத சிறு கோப்பையில் இரண்டு மிடறு அளவே காபி ஊற்றி நீட்டினார். அதன் விளிம்பைச் சுற்றி நீலக் கோடு ஒன்று ஓடியது. எங்கள் மலையில் காபி ஒரே கோப்பையில்தான் எல்லாருக்கும் சுற்றிவரும். போதுமென்றால் கோப்பையை இடமும் வலமும் ஆட்டிக் கொடுக்கவேண்டும். ஆட்டாமல் நீட்டினால் மறுபடியும் ஊற்றுவார்கள், ஆட்டும்வரை ஊற்றுவார்கள்.

சர்க்கரை இல்லை. முற்றுகையில் சர்க்கரை தீர்ந்திருக்கும் என்று எண்ணினேன்.

குடித்தேன். பிறர் வீட்டில் காபி அருந்தினால் சொல்லவேண்டிய சொல்லைச் சொன்னேன். குழந்தையாக இருந்தபோது ஹலீமுக்கும் நான்தான் அதனைச் சொல்லிக்கொடுத்தேன். சொல்ல மறந்த நாள்களில் காதைத் திருகியிருக்கிறேன்.

"என்னைக்கும் நிலைக்கட்டும்."

வரிசையில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

அபூ ஷகீப் கூஜாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஹலீம் என் காதருகே குனிந்தான்.

"என்ன சொல்லித் தொலைச்சே அண்ணா?"

அப்போதுதான் கண்டேன். கொதிகலனுக்குப் பின்னால் தரையில் ஒரு வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே ஒரு சோடிக் காலணிகள். முடிதிருத்தும் நஸ்ரியின் காலணிகள். குதிகாலில் பச்சைத் தோல் ஒட்டுப்போட்டவை. ஒரு மாதத்துக்கு முன்பு, என் தலையை மழிக்கும்போது, "வாத்தியாரே, உள்ளே ஒண்ணும் இல்லாத மண்டைதான் சீக்கிரம் வழுக்கையாகும்" என்று சொன்னவன்.

"காலையில குண்டு பட்டுது" என்றார் அபூ ஷகீப். "ஊருக்குத் தெரிஞ்சா பயந்துடுவாங்கன்னு தலைவர் சொல்லிட்டார். அதனாலதான் கதவைச் சாத்திட்டு நாங்களே உக்காந்திருக்கோம்."

வரிசையாகப் போட்ட பலகைகள். எழுந்து நின்று கை குலுக்கல். துக்க வீட்டில் மட்டும் ஊற்றும் சர்க்கரையில்லாத காபி. அது துக்கம் கேட்கும் கூடம். பிணத்தை மறைத்துவைத்து ஊரை ஏமாற்றிய அந்தத் தலைவன் எவனோ, அவன்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் கண்ணிருந்தும் காணாதவன் நான். துக்க வீட்டில் 'இறைவன் அவருக்கு இரங்கட்டும்' என்றல்லவா சொல்லவேண்டும்? எங்கள் ஊரின் முதற்பிணத்தின் முன்னே அமர்ந்து, இது என்றைக்கும் நிலைக்கட்டும் என்று வாழ்த்தியிருந்தேன்.

"தெரியாமச் சொல்லிட்டேன்" என்றேன். "அதை விடுங்க. ஹலீம், எழுந்திரு."

எழ முயன்றேன். கோப்பை என் கையிலேயே இருந்தது. அபூ ஷகீப் மறுபடியும் ஊற்றினார். அவர் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. அவர் கையும் அவருடையதாக இல்லை.

கதவு திறந்தது.

பனியோடு ஓர் ஆள் உள்ளே வந்தான். மேலங்கியிலிருந்து நீர் சொட்டியது. தபால்காரன் தௌஃபீக். தோளில் துப்பாக்கி இல்லை. அக்கரையான் ஒருவன் ஆலைக்குள் நுழைந்தும் ஒருவரும் ஆயுதத்தைத் தொடவில்லை. அவன் வரிசையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொருவர் கையையும் குலுக்கிக்கொண்டே வந்து என் முன் நின்றான். மீசையில் எள் அப்படியே இருந்தது.

"போனதுக்கு ஈடா நீங்க நல்லாயிருங்க வாத்தியாரே."

இறந்தவனுடைய சொந்தக்காரனிடம் சொல்லும் சொல் அது. நஸ்ரி எனக்கு உறவினன் அல்லன்.

"யாரு போனதுக்கு?" என்றேன்.

அவன் ஹலீமைப் பார்த்தான். பிறகு பலகையில் போய் அமர்ந்தான்.

மறுபடியும் கதவு திறந்தது. அக்கரையைச் சேர்ந்த இருவர்; பெயர் தெரியும், முகம் தெரியும். அதன்பின் எங்கள் ஊர்க் கொல்லன். அதன்பின் நான் அறியாதவர்கள். வெள்ளை உடையில் ஒரு செவிலி. ரொட்டிக்கடையில் வரிசையில் நின்று வந்தவர்போல் வெறும் பையைக் கையில் பற்றிய முதியவர். ஒவ்வொருவர் உடையும் நனைந்திருந்தது. ஒவ்வொருவரும் என் கையைக் குலுக்கினர். கைகள் ஈரமாகவும் ஆறியும் இருந்தன.

"போனதுக்கு ஈடா நீங்க நல்லாயிருங்க."

"போனதுக்கு ஈடா நீங்க நல்லாயிருங்க."

ஒரு சிறுமியும் வந்தாள். ஒன்பது வயதிருக்கும். பழுப்பு நிறச் சீருடை, கழுத்துப்பட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகள். எங்கள் மாவட்டத்தில் அப்படியொரு சீருடை எந்தப் பள்ளியிலும் இல்லை. வாத்தியாராகிய நான் அறிவேன். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, புதிதாகத் திறந்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியனாகச் சேர்ந்த முதல் நாள், அந்தச் சீருடையில் இருநூறு குழந்தைகள் என்முன் அணிவகுத்து நின்றனர். அந்த முகமும் அவர்களிடையே இருந்தது, அப்போது உயிரோடு. அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு வலிமை இல்லை.

வரிசை நீண்டது. பலகைகள் கூடத்தின் சுவர்வரைதான் இருந்தன, சுவர்தான் பின்வாங்கிக்கொண்டிருந்தது. விளக்கொளி எட்டாத தொலைவிலும் ஆள்கள் அமரும் ஓசை கேட்டது.

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது.

ஹலீமின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினேன். திறந்தேன். கதவுக்கு அப்பால் தொட்டிகள், பலகைகள், விளக்கு, கூஜாவோடு நிற்கும் அபூ ஷகீப். பின்னால் திரும்பினேன். அங்கும் அவரே நின்றார். என் கையிலிருந்த கோப்பையை நிரப்பினார்.

"கோப்பையை ஆட்டு அண்ணா" என்றான் ஹலீம்.

ஆட்ட முயன்றேன். மணிக்கட்டு அசையவில்லை. கல்லில் செதுக்கிய கைபோல் கோப்பையை ஏந்திக்கொண்டு நின்றது. விரல்கள் வழியே சூடு ஏறியது. குடித்தேன், ஊற்றினார். குடித்தேன், ஊற்றினார். அந்தக் கசப்பு தொண்டையில் இறங்க இறங்க, எனக்கும் பலகையில் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருப்பதை உணர்ந்தேன். கொல்லனும் செவிலியும் சற்றே நகர்ந்து இடைவெளி விட்டிருந்தனர்.

ஹலீம் அந்த இடைவெளியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஒரே கோப்பைதானே" என்றான் மெதுவாக. "யாராவது ஒருத்தர் கையில இருந்தாப் போதும்போல. என்கிட்டக் குடு."

"வேண்டாம்டா."

"ஆட்டுறதுக்கு உன் கை வரலை. நான் வாங்கினா வரும். எப்பவும் நீதானே எனக்குச் சொல்லிக்கொடுப்பே, பெரியவங்க நீட்டினா ரெண்டு கையாலயும் வாங்கணும்னு. நீட்டு."

"அம்மாகிட்ட நான் என்ன சொல்வேன்?"

"வரேன்னு சொல்லு."

வாசகர்கள் என்னை நல்லவனாக எண்ணிக்கொள்ளவேண்டாம். அவன் என் விரல்களைப் பிரித்துக் கோப்பையைப் பிடுங்கினான் என்று ஐம்பது ஆண்டுகளாக எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அது பொய். நான் நீட்டினேன். அசையாதிருந்த அந்தக் கை, கொடுப்பதற்கென்றால் அசைந்தது.

அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

கதவு திறந்தது. பனி. ஈர மண்ணின் மணம். நான் வெளியே நின்றேன். கடிகாரத்தில் இரண்டு மணி அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. பாலத்தில் தௌஃபீக் கிடந்தான். பாதி தின்ற ரொட்டி அருகில் நனைந்து ஊறியிருந்தது. உடன்படிக்கை நடப்பில் இருக்கும்போதே, பன்னிரண்டேகால் மணிக்கு, எங்கள் கரையிலிருந்து வந்த ஒற்றைக் குண்டு அவனைக் கொன்றதென்று பிற்பாடு அறிந்தேன். நான் ஆலைக் கதவைத் தட்டுவதற்கு ஐந்து நிமிடங்கள் முன்னதாக.

நான் பாலத்தைத் தாண்டியதும் அக்கரையின் பீரங்கி ஆலையைத் தாக்கியது. மாலைக்குள் அது எரிந்து முடிந்தது. சாம்பலில் பத்துப் பேரை எடுத்தனர். ஹலீம் இல்லை.

அம்மாவின் படியை நான் தனியாகத்தான் மிதித்தேன். "வரேன்னு சொன்னான்" என்றேன். அவள் நம்பினாள். உடல் கிடைக்காதவனுக்குத் துக்கம் கேட்கக்கூடாதென்று வருகிறவர்களைத் திருப்பியனுப்பினாள். இருபத்தெட்டு ஆண்டுகள் ஒவ்வோர் இரவும் அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள். போர் பதினைந்து ஆண்டுகள் நடந்தது. என் சொல்லால்தான் அது நிலைத்ததா என்று கேட்பவர்களுக்கு நான் மறுமொழி சொல்வதில்லை. கேட்பவர் வேறு யாருமில்லை, நானேதான்.

எனக்கு எண்பத்தொரு வயதாகிவிட்டது. இனியும் கடத்தலாகாதென்று இந்த அக்டோபரில் முடிவு செய்தேன். ஹலீமின் இறப்பறிவிப்பை அச்சிட்டு, எங்கள் வழக்கப்படி ஊர்ச்சுவர்களிலெல்லாம் ஒட்டினேன். வீட்டுக் கூடத்தில் நாற்பது நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துச் சுவரோரமாகப் போட்டேன். ஐம்பது ஆண்டு தாமதமாகத் துக்கம் கேட்க இரு கரையிலிருந்தும் வந்தனர். கூஜாவை நானே ஏந்தினேன். வாடகைக் கோப்பைகள் அனைத்தும் வெள்ளை. ஒருவர் விடாமல் ஆட்டிக் கொடுக்கிறாரா என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். ஒருவர் விடாமல் 'இறைவன் அவருக்கு இரங்கட்டும்' என்றனர்.

"பரீட்சை வைக்கிற மாதிரியே முறைக்கிறீங்களே வாத்தியாரே" என்றார் தௌஃபீக்கின் மகன். "நான் பாஸா?"

"பாஸ். போயிட்டு வா."

பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசி ஆளும் போய்விட்டார். நாற்பது நாற்காலிகளும் காலி. நெஞ்சிலிருந்து ஏதோ கல் இறங்கியதுபோல் இருந்தது. கூஜாவைக் கீழே வைக்கக் குனிந்தேன்.

சன்னலுக்கு வெளியே பனி ஏறிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது.

அவன் வந்தான். இருபத்திரண்டு வயது. தாடி. தோளிலிருந்து நீர் சொட்டியது. வாயிற்படியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அம்மா பழக்கிய பழக்கம். கையில் பிடியில்லாத கோப்பை. விளிம்பில் நீலக் கோடு. அதனை என்முன் நீட்டினான்.

என் கை தானாக ஊற்றியது.

"ஆட்டிடுடா" என்றேன். "ஒரே ஒரு தடவை. ஆட்டிட்டு உக்காரு. வீட்டுக்கு வந்துட்டே."

அவன் குடித்தான். நிதானமாக, ஒழுங்காக, நான் கற்பித்தபடியே வாயைத் துடைத்துக்கொண்டான். காது திருகப்படுவதற்கு அஞ்சும் ஆறு வயதுக் குழந்தையின் கண்களோடு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னைக்கும் நிலைக்கட்டும், அண்ணா."

கோப்பையை ஆட்டாமல் என் உள்ளங்கையில் வைத்தான். போய் நாற்காலியில் அமர்ந்தான்.

கோப்பை சூடாக இருக்கிறது. இடக்கையால்தான் இதை எழுதுகிறேன். வலக்கை அசைய மறுக்கிறது. நாற்பது நாற்காலிகளை மட்டுமே வாடகைக்கு எடுத்தேன். அவற்றின் வரிசை இப்போது எங்கே முடிகிறதென்று இங்கிருந்து தெரியவில்லை.

கதவருகே தபால்காரன் தௌஃபீக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். மீசையில் எள் ஒட்டியிருக்கிறது. அவனுக்குப் பின்னால், பனிக்குள், வரிசை நகர்கிறது.